கடதாசியிற் கேத்திரகணிதம் கண்ட சுந்தரராவ்

பழைய மாணவர் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் எம்மிற் பலருக்கு நினைவில் வருவன ஆண்டு விருந்தும், துடுப்பாட்டப் போட்டியும், செலுத்தாது விட்ட சந்தாப் பணமுமே. ஆயின் தம்மையும் ஒரு பழைய மாணவராக எண்ணி, தம்மையொத்தவர்கள் பள்ளியிற் கற்று மறந்த பாடங்களை மீட்டுக் கொள்வதற்கும் பயன்படட்டும் என்று ஒரு நூலை எழுதி, அதனாற் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவரே தண்டலம் சுந்தரராவ் ஆவர். கடதாசியை மடித்துக் கேத்திரகணிதம் பயிலும் முறையைக் கூறும் அவருடைய ஆங்கில நூல் 1893 ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியாயிற்று. கல்லூரி விழா மலரொன்றில் அவரைப் பற்றி எழுதுதல் பொருத்தமே என யான் துணிந்தமைக்கு இஃது ஒரு காரணம். மற்றக் காரணம் எமது வகுப்பறையில் நிகழ்ந்ததொன்று. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

சுந்தரராவ் கணித ஆசிரியர் அல்லர். சென்னை அரசாங்கத்தின் வருவாய்ப் பகுதியிற் கடமையாற்றிய உத்தியோகத்தர். அக்காலச் சென்னை மாகாணத்தில் வருவாய்ப் பகுதி உத்தியோகத்துக்கும் கணிதத்துக்கும் ஏதோ ஓர் உறவு இருந்தது போலும். இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்த சங்கத்தை 1907 இல் தொடக்கிய இராமசாமி ஐயரும் ஒரு துணைக் கலெக்டரே. 1910 இல் இளைஞர் இராமானுசன் தம் குறிப்பேட்டை ஏந்திக்கொண்டு வேலை தேடிச் சென்றது அவரிடந்தான். பகல் முழுவதும் பிறருடைய நிலத்துக்கும் வரிக்கும் கணக்குப் பார்த்தவர்கள், மாலையிற் கணக்கைக் கணக்குக்காகவே விரும்பியது வியப்புக்குரியது.

சுந்தரராவுக்கு நூலெழுதும் எண்ணத்தைத் தந்தது பாலர் வகுப்பு விளையாட்டுப் பொருளொன்று. பாலர் கல்வியின் தந்தை எனப்படும் ஜேர்மானியர் புரோபெல், குழந்தைகள் கையாற் செய்து கற்பதற்கெனப் பல பொருட்களை வகுத்தார். அவற்றைக் ‘கொடைகள்’ என்பர். எட்டாவது கொடையாக விற்கப்பட்டது கடதாசி மடித்தல். இருநூறு வண்ணச் சதுரத் தாள்களும், மடிப்பை அழுத்த ஒரு கருவியும், படங்களும் குறிப்புகளும் அதில் அடங்கியிருந்தன. நாலைந்து வயதுப் பிள்ளைகளின் கைக்குரிய அத்தாள்களை எடுத்துப் பார்த்தபோது சுந்தரராவுக்கு அவற்றினுள்ளே யூக்கிளிட் தெரிந்தார்.

அவருடைய நூலுக்கு வேண்டிய கருவிகள் ஒரு பேனாக்கத்தியும் சில கடதாசித் துண்டுகளுமே. கவராயம் இல்லை, வரைகோல் இல்லை. ஒரு கோட்டை இருகூறாக்குதல், கோணத்தை இருகூறாக்குதல், செங்குத்து இடுதல், சமாந்தரக் கோடு இடுதல் ஆகிய யாவும் மடிப்பினால் எளிதில் முடிகின்றன. நூலின் பதினான்கு அதிகாரங்களில் முதல் ஒன்பதும் சதுரம், சமபக்க முக்கோணி, ஐங்கோணி முதலாக ஒழுங்கான பல்கோணிகளைத் தருகின்றன. அதன்மேற் கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி, வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம், பரவளைவு முதலான கூம்பு வெட்டுகள் என்று பாலர் வகுப்புத் தாள் பல்கலைக்கழக வாசல் வரை சென்றுவிடுகின்றது. மடிப்பினால் வட்டத்தை வரைதல் இயலாது, வட்டத்தின் மேலுள்ள புள்ளிகளையே பெறலாம் என்பதை முன்னுரையிலேயே ஒளியாமற் சொல்லியும் விடுகிறார்.

நூல் தொடங்கும் முறையைச் சற்று விரித்துக் கூறவேண்டும். தாறுமாறாகக் கிழிந்த ஒரு கடதாசித் துண்டை மேசைமேல் வைக்குமாறு கூறுகிறார். அதனைத் தன்மேல் தானே படியுமாறு மடிக்கச் செய்கிறார். மடித்த இடம் நேர்கோடாக இருப்பதைக் காண்கிறோம். கத்தியை மடிப்பிற் செலுத்திச் சிறு துண்டை நீக்கினால் நேரான ஓர் ஓரம் கிடைக்கின்றது. பின்பு அந்த ஓரம் தன்மேல் தானே பொருந்துமாறு மறுபடியும் மடித்து விரிக்க, இரண்டாம் மடிப்பு ஓரத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றது. அது செங்கோணமே என்பதற்குச் சான்று யாது? இரு பக்கத்துக் கோணங்களும் மடித்தபோது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியதே சான்று. இவ்வாறே சென்று, கிழிந்த துண்டு கண்முன்னே சதுரமாகின்றது. இதனை வாசிப்போர் கையிலுள்ள பழைய கடிதவுறை ஒன்றில் இப்பொழுதே செய்து பார்க்கலாம்; நூலிலுள்ள படங்களின் துணை இவ்விடத்தில் வேண்டியதில்லை.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது கணிதம் அன்று, இந்த உரைநடையே. செய்ய வேண்டிய செயல் ஒன்றைச் சொன்னதும், அச்செயல் முடிந்தபின் கண்ணுக்கு என்ன தோன்றும் என்பதையும் அடுத்துச் சொல்லிவிடுகிறார். வினையும் அதற்குச் சாட்சியும் சேர்ந்தே வருகின்றன. பிழையாக மடித்தவன் அடுத்த வாக்கியத்திலேயே தன் பிழையை அறிந்துகொள்வான். சமையற் குறிப்பு எழுதுவோரும், மருந்துச் சீட்டு எழுதுவோரும், பரீட்சை வினா எழுதும் எம்போன்றோரும் கைக்கொள்ள வேண்டிய முறை இது. கைக்கொள்கிறோமா என்பது வேறு.

இனி வகுப்பறை நிகழ்ச்சிக்கு வருவோம். பத்தாந் தர மாணவருக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். மழைக்காலத்தில் ஒழுங்கை வெள்ளத்தில் விடும் கடதாசிக் கப்பலைச் செய்யும் முறையைப் படம் எதுவுமின்றிச் சொற்களால் மட்டும் எழுதி வருமாறு பணித்தேன். சிலர் தாமே எழுதினர். சிலர் செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் எழுதுவித்துக் கொண்டு வந்தனர். பொறி எழுதியதை இனங்காணுதல் அரிதன்று. மாணவர் எழுத்தில் இல்லாத ஒழுங்கு அதில் இருந்தது. சந்திப் பிழையும் இல்லை. மாணவர் தாமே எழுதியவற்றிலோ ‘இப்படி மடித்து அப்படித் திருப்பவும்’ என்பன போன்ற, கையாற் காட்டினாலன்றி விளங்காத வாக்கியங்கள் மலிந்திருந்தன.

இரண்டையும் வாசித்துக் காட்டி, வகுப்பு முழுவதையும் மடிக்கச் செய்தேன். பொறியின் உரைப்படி நாலு படிகள் இனிது சென்றன. தாளை இரண்டாக மடித்து, மேல் மூலைகளை நடுவுக்குக் கொணர்ந்து, கீழ் விளிம்புகளை இருபுறமும் மேலே மடிக்க, முக்கோணித் தொப்பி கைக்கு வந்தது. அதன் வாயை விரித்து, எதிர் முனைகள் ஒன்றையொன்று தொடுமாறு தட்டையாக்கினாலன்றிச் சதுரம் வாராது. பொறி அந்தப் படியை விட்டுவிட்டது. சதுரத்தின் கீழ்மூலையை மேலே மடிக்குமாறு ஐந்தாம் படியிற் பணித்தது. எல்லார் கையிலும் இருந்ததோ தொப்பி. மூலையைத் தேடி முப்பது பிள்ளைகளும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனர். உரையின் இறுதி வாக்கியமோ, அழகிய கப்பல் ஆயத்தமாகிவிட்டதென்று எம்மைப் பாராட்டியது! பிழையைச் சுட்டியபோது பொறி பணிவுடன் மன்னிப்புக் கேட்டுப் புதிய உரை ஒன்றைத் தந்தது. அதில் அந்தப் பிழை இல்லை, வேறொன்று இருந்தது.

கணினியால் மடிப்பை அறிய முடியாது என்று கூறுவது சரியன்று. அமெரிக்கரான ரொபேட் லாங் 1990 களில் உருவாக்கிய நிரல், வேண்டிய உருவத்தின் எலும்புக்கோட்டைக் கொடுத்தால் அதற்குரிய மடிப்புக் கோலத்தையே கணித்துத் தந்தது. அது கேத்திரகணிதத்தால் இயங்குவது. உரையாடும் பொறியோ மக்கள் எழுதிக் குவித்தவற்றிலிருந்து எந்தச் சொல்லின்பின் எந்தச் சொல் வரத்தகும் என்பதைப் பயின்றது. கடதாசி மடிப்பைப் பற்றி எழுதியோரோ பெரும்பாலும் படத்தை நம்பி எழுதியவர்கள். இரண்டு படிகளுக்கிடையிற் படம் சொல்லிய செய்தி எழுத்தில் ஏறவேயில்லை. எழுத்தை மட்டும் கற்ற பொறிக்கு அந்த இடம் வெற்றிடமாகவே கிடைத்தது. யப்பானிய மேதை யோஷிசாவா 1950 களில் அம்புக்குறியும் புள்ளிக்கோடும் கொண்ட படமொழியைப் பரப்பியபின் சொற்களின் தேவை மேலும் சுருங்கிற்று. அது கலைக்கு நன்மையே. கண்பார்வை அற்ற பிள்ளைக்கோ தொலைவில் இருப்பவருக்கோ சொல்லிக் கொடுக்க வேண்டியவிடத்து அப்படமொழி உதவாது.

சொல் குறைவின்றி அமைந்தும் பொருள் பொய்யாகலாம் என்பதைச் சுந்தரராவ் நன்கு அறிந்திருந்தார். தம் முன்னுரையில், எல்லா முக்கோணிகளும் இருசமபக்க முக்கோணிகளே என்று ‘நிறுவும்’ போலி நிறுவல் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். அடியின் நடுச்செங்குத்தும் உச்சிக் கோணத்தின் இருகூறாக்கியும் முக்கோணிக்குள் ஒரு புள்ளியிற் சந்திப்பதாகப் படம் வரைந்து, அங்கிருந்து பக்கங்களுக்குச் செங்குத்துகள் இட்டு, ஒருங்கிசைவு விதிகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சென்றால், முடிவில் இரு பக்கங்களும் சமமாகிவிடுகின்றன. தருக்கத்திற் குற்றம் காண்பது எளிதன்று. ஆனால் பக்கங்கள் சமனற்ற முக்கோணி ஒன்றைக் கடதாசியில் வெட்டி, அடியின் இரு முனைகளும் பொருந்துமாறு ஒரு முறையும், மற்றைய இரு பக்கங்களும் பொருந்துமாறு ஒரு முறையும் மடித்து விரித்துப் பாருங்கள். இரு மடிப்புகளும் கடதாசிக்குள் சந்திப்பதேயில்லை. அவை சந்திக்கும் புள்ளி அடிக்கு அப்பால், வெளியே கிடக்கின்றது. கையால் வரைந்த படம் எழுதியவனுக்கு இசைந்து பொய் சொல்லிற்று. கடதாசி அதற்கு உடன்படவில்லை. மாணவர் எதனையும் பிறர் சொன்னார் என்பதற்காக ஏற்க வேண்டியதில்லை என்பது சுந்தரராவின் கொள்கை. பரீட்சைக்காக யூக்கிளிட்டை மனனஞ் செய்த அந்நாளில் இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

சென்னையில் அச்சான இச்சிறு நூல் எவ்வாறோ ஜேர்மனியை அடைந்தது. கணிதப் பேரறிஞர் பெலிக்ஸ் கிளைன், கனத்தை இரட்டித்தல், கோணத்தை முக்கூறாக்கல், வட்டத்துக்குச் சமனான சதுரம் அமைத்தல் ஆகிய பழம்பெரும் சிக்கல்களைப் பற்றி 1895 இல் வெளியிட்ட நூலிற் சுந்தரராவின் நூலைக் குறிப்பிட்டார். அந்நூலை 1897 இல் ஆங்கிலமாக்கிய அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் சிமித்தும், குறிப்பைக் கண்டு மூல நூலை வருவித்துப் படித்தனர். 1901 இற் சிக்காக்கோவிலிருந்து அதன் அமெரிக்கப் பதிப்பு வெளிவந்தது. வரைந்த படங்கள் பலவற்றை நீக்கி, மெய்யாகவே மடித்த கடதாசியின் ஒளிப்படங்களை அவற்றின் இடத்திற் சேர்த்தனர். மடிப்புக் கோடு தாளில் எப்படி நிழல் விழுத்தி நிற்கும் என்பதை அப்பதிப்பிற் காணலாம்.

இனி அவருடைய தவறு ஒன்று. பெரியாரின் வரலாறு எழுதுவோர் இத்தகையனவற்றை மறைப்பது வழக்கம். எனக்கு அது உடன்பாடன்று. ஒரு கனத்தைப் போல் இருமடங்கு கனவளவு உடைய கனத்தின் பக்கத்தைக் கண்டறிதல், அதாவது கனமூலம் காணல், மடிப்பினாலும் இயலாது என்று கருத இடந்தரும் வகையில் அவர் எழுதிவிட்டார். கவராயத்தாலும் வரைகோலாலும் அது இயலாதென்பது உண்மை. ஆயின் மடிப்பு அவற்றினும் வலியது. 1936 இல் இத்தாலியக் கணித அறிஞை மார்கெரீற்றா பெலொக், இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளின்மேல் ஒரே மடிப்பினாற் கொண்டுபோய் வைத்து முப்படிச் சமன்பாட்டையே தீர்க்கலாம் எனக் காட்டினார். எதனையும் கடதாசியிடம் கேட்டறிந்த சுந்தரராவ், அந்த ஓரிடத்தில் மட்டும் கவராயத்தின் எல்லையையே கடதாசியின் எல்லையாகவும் கொண்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் மீது மதிப்புக் குறையவில்லை. அவர் பிழையைத் திருத்தியதும் மடிப்பு ஒன்றுதானே!

1966 இல் அமெரிக்காவில் நூல் மீண்டும் அச்சாயிற்று. இன்று இணையத்திற் கட்டணமின்றி வாசிக்கவும் கிடைக்கின்றது. வருவாய்ப் பகுதியின் கோவைகளில் அவர் இட்ட கையொப்பங்களை இன்று தேடுவாரில்லை.

எமது வகுப்பில் இரண்டாம் முறை அதே பயிற்சியைக் கொடுத்தபோது ஒரு விதி சேர்த்தேன். ஒவ்வொரு படியின் பின்னும், விரித்தால் அல்லது திருப்பினாற் கையில் என்ன தோன்றும் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பொறியிடம் கேட்பதையும் தடுக்கவில்லை, மடித்துச் சரிபார்த்த பின்பே கொண்டுவர வேண்டும் என்றேன். ஒரு மாணவன் தான் எழுதியதைக் கனடாவிலுள்ள தன் சித்தியின் மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினான். எட்டு வயதுப் பிள்ளை. வீட்டிற் பேசும் தமிழ் தெரியும், எழுத்துத் தெரியாது. ‘விளிம்பு’ என்ற சொல் அவளுக்கு விளங்கவில்லை. ‘கரை’ என்றவுடன் விளங்கிக் கொண்டாள். தொப்பியை விரிக்கும் படியில் நெடுநேரம் பேச்சில்லை. பின்பு, இப்போது நாலு கரை இருக்கிறதா என்று இவன் கேட்க, அவள் எண்ணிப் பார்த்து, ஓம் அண்ணா, நாலு கரை, எல்லாம் ஒரே நீளம் என்றாளாம். மறுநாள் அவன் கொப்பியிற் ‘விளிம்பு’ என்று எழுதிய இடமெல்லாம் வெட்டப்பட்டுக் ‘கரை’ என்று மாற்றப்பட்டிருந்தது. இலக்கணம் பார்த்துத் திருத்தும் என் சிவப்புப் பேனை அன்று அவற்றைத் தொடவில்லை.