நுரையீரலுக்குக் காது கொடுத்தவர்

ரெனே லென்னெக் 1781-இல் பிரான்சின் கெம்பேர் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்து, மருத்துவரான சித்தப்பாவிடம் வளர்ந்தார்.

1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனைக்கு இதயக் கோளாறுடன் ஓர் இளம்பெண் வந்தார். அவரது நெஞ்சில் காதை வைத்துக் கேட்கத் தயங்கிய லென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார். வெறும் காதைவிட ஒலி தெளிவாகக் கேட்டது! பிறகு மரத்தில் தாமே குழல்களைக் கடைந்தார். புல்லாங்குழல் வாசிப்பவர் அல்லவா? ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுதான்.

ஆனால், கருவியைவிட அதன் பின் வந்த உழைப்பே பெரிது. நோயாளிகளின் நெஞ்சொலிகளைக் குறித்து வைத்தார். நோயாளி இறந்தால் நுரையீரலைத் திறந்து பார்த்து, எந்த ஒலி எந்தப் பாதிப்பைக் காட்டுகிறது என்று ஒப்பிட்டார். 1819-இல் அவற்றை நூலாக வெளியிட்டார்.

அதற்குள் அவர் உடல்நலமும் குன்றியது. சொந்த ஊர்ப் பக்கம் சென்று ஓய்வெடுத்தார். சற்றுத் தேறியதும் பாரிஸ் திரும்பி மீண்டும் பாடம் நடத்தினார். இருமல் விடவில்லை. 1826-இல், மருத்துவரான உறவினர் மெரியாதெக்கிடம் தம் நெஞ்சைக் கேட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர் விவரித்த ஒலிகளுக்கு என்ன பொருள் என்பது லென்னெக்கிற்குத் தெரியும். அவரே எழுதி வைத்ததுதானே! காசநோய் நுரையீரலைக் குடைந்திருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், 45 வயதில் காலமானார். தம் ஸ்டெதஸ்கோப்பை மெரியாதெக்கிற்கே விட்டுச் சென்றார்.