கேமரன் மலையில் மறைந்த பட்டு மன்னர் ஜிம் தாம்சன்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஜிம் தாம்சன் என்ற பெயர் புதிதல்ல. தானா ராத்தா அருகே ஒரு பங்களாவிலிருந்து நடந்து போய்த் திரும்பாமலே போன வெள்ளைக்காரர் என்றே பலரும் அவரை அறிவர். ஆனால் அந்தக் கடைசி நடைக்கு முன்பு, அழிந்துகொண்டிருந்த ஒரு நெசவை உலகமே வியக்கும் கலையாக உயர்த்தியவர் அவர்.

1906 மார்ச் 21ஆம் நாள் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தார். தந்தை துணி ஆலை உரிமையாளர். ஆனாலும் மகன் துணித் தொழிலுக்குப் போகவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்து, நியூயார்க்கில் கட்டடக்கலைப் பணியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் அவர் பாதையை மாற்றியது. சிஐஏவுக்கு முன்னோடியான உளவுப் பிரிவில் சேர்ந்து வட ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இலங்கை எனப் பணியாற்றி, 1945இல் போர் முடிந்த கையோடு பேங்காக் வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது கைத்தறிப் பட்டு. மலிவான இயந்திரத் துணிகள் சந்தையை நிறைத்துவிட்டதால் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. சேன் சேப் கால்வாய்க் கரையில் உள்ள பான் குருவா என்ற குடியிருப்பில், சாம் முஸ்லிம் குடும்பங்கள் சில மட்டும் நெசவை விடாமல் வைத்திருந்தன. தாம்சன் அவர்களைத் தேடிப் போனார்.

1947இல் அவர்கள் நெய்த பட்டை நியூயார்க்கிற்கு எடுத்துச் சென்று, வோக் இதழின் ஆசிரியர் எட்னா வூல்மன் சேஸிடம் காட்டினார். பார்த்ததுமே அவருக்குப் பிடித்துப்போனது. மறு ஆண்டு தாய் சில்க் நிறுவனம் உருவானது. 1951இல் பிராட்வே மேடையேறிய ‘தி கிங் அண்ட் ஐ’ இசை நாடகத்தின் உடைகளில் இந்தப் பட்டு மின்னியபோது, தாய்லாந்துப் பட்டின் பெயர் கடல் கடந்து பரவியது.

தாம்சன் தறியில் உட்கார்ந்து நெய்தவர் அல்லர். அவருடைய பலம் நிறங்களைச் சேர்க்கும் கண்ணில் இருந்தது. எளிதில் வெளுக்கும் பழைய சாயங்களுக்குப் பதிலாகச் சாயம் போகாத புதிய சாயங்களைக் கொண்டுவந்தார். அதே வேளையில், கையால் நெய்வதால் துணியில் விழும் சிறு மேடுபள்ளங்களை அவர் குறையாகக் கருதவில்லை; அதையே அழகாக விற்றார்.

நெசவாளர்களை ஓர் ஆலைக்குள் அடைக்காமல், வீட்டிலிருந்தே நெய்யவிட்டார். பெண்கள் பிள்ளைகளையும் அடுப்படியையும் கவனித்தபடியே சம்பாதித்தார்கள். பழைய தாய் மர வீடுகள் ஆறினைப் பிரித்துக் கொண்டுவந்து இணைத்து, பான் குருவாவுக்கு எதிர்க்கரையிலேயே தம் வீட்டை அமைத்து 1959இல் குடியேறினார். கால்வாயைக் கடந்தால் தறிச் சத்தம்.

1967 மார்ச் மாதம், உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்காக நண்பர்களோடு கேமரன் மலைக்கு வந்து, தானா ராத்தா அருகே மூன்லைட் பங்களாவில் தங்கினார். மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேவாலய வழிபாடு, பின்னர் பிரிஞ்சாங் மலையில் மதிய உணவு. பிற்பகலில் மற்றவர்கள் ஓய்வெடுக்கப் போனபோது அவர் தனியாக நடக்கக் கிளம்பினார். வழக்கமாக வைத்திருக்கும் சிகரெட்டும் மருந்தும் பங்களாவிலேயே கிடந்தன.

போலீசார், இராணுவத்தினர், காட்டை நன்கறிந்த பூர்வகுடி மக்கள் என நூற்றுக்கணக்கானோர் நாள் கணக்கில் தேடினர். ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லை. கடத்தலா, உளவு விவகாரமா, காட்டு விலங்கா, வழி தவறிய விபத்தா? எதற்கும் ஆதாரமில்லை. 1974இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அப்போது அந்தப் பிற்பகல் முடிந்து ஏழு ஆண்டுகள்.

அவர் வாழ்ந்த பேங்காக் வீடு இன்று அருங்காட்சியகம். அவர் பெயரில் பட்டு நிறுவனம் தொடர்கிறது. ஆனால் எதிர்க்கரையான பான் குருவாவில் இன்று நெசவு செய்வோர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே.

தாம்சன் எங்கே போனார் என்ற கேள்வி அரை நூற்றாண்டைக் கடந்தும் இந்த மலையில் பேசப்படுகிறது. அவர் புகழுக்குப் பாவும் ஊடையுமாக இருந்த பான் குருவாப் பெண்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் அதனோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியதே.