எல்லை காத்த சொல்: சிலம்புச் செல்வர் ம. பொ. சி.யின் கதை

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில், திருவள்ளூரைத் தாண்டிச் சில நிலையங்கள் கழித்து மணவூரில் நிற்கும். அடுத்த நிலையம் திருவாலங்காடு. அங்கிருந்து வடமேற்கே போனால், குன்றின் மேல் முருகன் கோவில் கொண்டிருக்கும் திருத்தணி.

இது பழைமையான பகுதி. முன் காலத்தில் தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்து இருந்தார்கள். அவற்றில் ஒன்று மணவில் கோட்டம். அந்த மணவில்தான் இன்றைய மணவூர் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

இவ்வளவு பழைய தமிழ்ப் பகுதி, ஒரு காலத்தில் தமிழ்நாட்டை விட்டுப் போய்விட்டது!

1911-ம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி சித்தூர் மாவட்டத்தைப் புதிதாக அமைத்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணி அந்த மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1953-ல் ஆந்திர மாநிலம் உதயமானபோது, சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணியும் ஆந்திரத்துக்குப் போயிற்று. ஆனால் 1960-ல் அது தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது.

எப்படித் திரும்பியது? படை எடுத்து யாரும் அதை மீட்கவில்லை. பேச்சும் எழுத்துமே ஆயுதம். அந்த ஆயுதத்தை ஏந்தியவர்களில் முதன்மையானவர், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் படிக்காத ஒரு மனிதர். அவர்தான் ம. பொ. சிவஞானம்.

ஏழை வீட்டுப் பிள்ளை

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள சால்வன்குப்பத்தில், 1906-ம் ஆண்டு ஜுன் மாதம் 26-ந் தேதி பிறந்தார் ம. பொ. சி. தந்தை பெயர் பொன்னுசாமி கிராமணி. தாயார் சிவகாமி அம்மாள்.

குடும்பத்தில் கொடிய வறுமை. மூன்றாம் வகுப்போடு பையனின் படிப்பு நின்றது. ஆனால் வீட்டில் வேறொரு பள்ளிக்கூடம் நடந்தது. அங்கே ஆசிரியை, அவருடைய தாயார். புராணக் கதைகளையும் அல்லி கதை, பவளக்கொடி கதை போன்ற நாட்டுக் கதைகளையும் அம்மா பாடிக் காட்டுவார். மகன் கேட்டுக்கொண்டு இருப்பான். தமிழின் ஓசை, ஏடு மூலம் வருவதற்கு முன்பே காது மூலம் அவனுக்குள் வந்துவிட்டது.

சிறு வயதிலேயே தறியில் உட்கார்ந்து நெசவு வேலை செய்தார். பிறகு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய ‘தமிழ்நாடு’ பத்திரிகையின் அச்சுக்கூடம் அது.

எழுத்துக் கோப்பவர், ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லாக அடுக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும். ஒரு சொல் கூடினால் வரியில் இடம் போதாது. சொல்லை எண்ணிச் செலவிட வேண்டும் என்ற பாடத்தை, கல்லூரியில் படிக்காத அந்த இளைஞருக்கு ஈய எழுத்துகள் கற்றுக் கொடுத்தன.

சொந்த மக்களிடமே சோதனை

காந்தியடிகளின் இயக்கம் அவரை இழுத்தது. காங்கிரசில் சேர்ந்து மேடை ஏறினார். மதுவிலக்கைப் பற்றிப் பேசினார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் பிறந்த சமூகத்தில் பலருக்குக் கள் இறக்குவதுதான் பிழைப்பு. அவர்களிடமே போய்க் கள் வேண்டாம் என்று சொன்னால் விடுவார்களா? எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

கேட்பவருக்குப் பிடித்ததைப் பேசிக் கைதட்டு வாங்குவது எளிது. கேட்பவருக்குப் பிடிக்காததைச் சொல்லி, அவரை யோசிக்க வைப்பதுதான் கடினம். சொல்லுக்கு உண்மையான சோதனை அங்கேதான்.

விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது கைதாகி, தொலைவில் உள்ள அமராவதி சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வயிற்று நோய் பிடித்தது. அது ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை. ஆனால் சிறை வேறொன்றையும் தந்தது. தமிழ் இலக்கியங்களை ஊன்றிப் படிக்க நேரம் தந்தது. சிலப்பதிகாரம் அவர் நெஞ்சில் குடி புகுந்தது.

ஒரு பெயரில் ஒரு வரலாறு

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். சிறையில் செக்கு இழுத்தார். 1936-ல் வறுமையில் மறைந்தார். அதன் பிறகு நாடு அவரை மறக்கத் தொடங்கியது.

அவர் வரலாற்றை ம. பொ. சி. நூலாக எழுதினார். அதற்கு ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று பெயர் வைத்தார்.

இரண்டே சொற்கள்! வ. உ. சி. என்ன செய்தார் என்பதை முதற்சொல் சொல்கிறது. அவர் நம்மவர் என்பதை அடுத்த சொல் சொல்கிறது. ஒருவரின் பெரிய செயலை அவருக்குப் பெயராகவே சூட்டுவதை அடைமொழி என்பார்கள். நீண்ட வரலாற்றை எல்லோராலும் நினைவில் வைக்க முடியாது. அடைமொழியை யாரும் மறக்க மாட்டார்கள். 1961-ல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வ. உ. சி. கப்பலோட்டிய தமிழன் ஆனார்.

ம. பொ. சி.க்கும் ஓர் அடைமொழி வந்து சேர்ந்தது. சிலப்பதிகாரத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்றதால், அவரை அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை சிலம்புச் செல்வர் என்று அழைத்தார். அதுவே நிலைத்தது.

சிலம்பை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் கதை சோழ நாட்டில் பூம்புகாரில் தொடங்குகிறது. பாண்டிய நாட்டு மதுரையில் உச்சம் அடைகிறது. சேர நாட்டு வஞ்சியில் முடிகிறது. மூன்று நாடும் சேர்ந்தது ஒரே தமிழகம் என்பதை விளக்க நூறு காரணம் அடுக்கலாம். கேட்பவர் கொட்டாவி விடுவார். கண்ணகி கதையைச் சொன்னால், காரணம் தானாக மனத்தில் இறங்கிவிடும். கதை சொல்லிக் கருத்தைப் புகட்டும் வழி இது.

முழக்கம் பிறந்தது

1946-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி தமிழரசுக் கழகத்தை ம. பொ. சி. தொடங்கினார். அப்போது திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் தொண்டு செய்து வந்தார். மக்களுக்குத் தமிழ் கற்பித்து, எல்லைப் பகுதியில் மொழி உணர்ச்சியை வளர்த்தவர் அவர். அவரும் திருத்தணி கே. விநாயகமும் மற்றவர்களும் எல்லைப் போரில் ம. பொ. சி.யுடன் சேர்ந்து நின்றார்கள்.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற மறுநாளே, தொண்டர்களுடன் திருப்பதிக்குப் பயணமானார் ம. பொ. சி. வடக்கு எல்லைப் போர் தொடங்கிவிட்டது.

வேங்கடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது இயக்கத்தின் கொள்கை. அதை முழக்கமாக்கியபோது வேங்கடம், விடுதல் என்ற இரண்டு சொற்களே அதற்குப் போதுமாக இருந்தன. இரண்டும் ஓசை ஒத்துத் தொடங்குகின்றன. இதற்கு மோனை என்று பெயர். மோனை உள்ள சொல் வாயில் எளிதாக வரும். காதில் தங்கும். ஒரு முறை கேட்டவர் மறு முறை தாமே சொல்வார்.

அந்த முழக்கத்தின் கடைசி எழுத்துகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாட்டேன் என்றால் ஒருவர். மாட்டோம் என்றால் எல்லோரும். ‘ஓம்’ என்று முடியும் சொல்லைக் கூட்டத்தில் சேர்ந்து சொல்லும் ஒவ்வொருவரும் அந்த உறுதிமொழிக்குப் பங்காளி ஆகிவிடுகிறார்கள்.

அடுத்து சென்னை நகருக்கே ஆபத்து வந்தது. ஆந்திர மாநிலம் கேட்டவர்கள் சென்னையையும் கேட்டார்கள். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15-ந் தேதி உயிர் துறந்தார். ஆந்திரம் கொதித்தது. மதராஸ் நம்முடையதே என்ற பொருளில் தெலுங்கர் எழுப்பிய முழக்கத்திலும் இரண்டே சொற்கள்தான். இரண்டும் ‘ம’ என்று தொடங்கின. மொழிதான் வேறு. மனத்தை இழுக்கும் வித்தை ஒன்றே!

அந்த நேரத்தில் தமிழர் பக்கம் எழுந்த முழக்கம், தலையைக் கொடுத்தாவது தலைநகரைக் காக்க வேண்டும் என்று சொன்னது. தலை என்ற ஒரே சொல் இரு முறை வருகிறது. ஒன்று மனிதனின் உடம்பில் இருப்பது. மற்றொன்று நாட்டுக்கு உரியது. தலை போனால் மனிதன் இல்லை. தலைநகர் போனால் நாடு இல்லை. இந்த உவமையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவை இல்லாமல், ஒரு சொல்லே செய்துவிட்டது. 1953 மார்ச்சில் பிரதமர் நேரு, சென்னை தமிழர்களுக்கே என்ற முடிவை அறிவித்தார்.

சொல்லுக்குக் கொடுத்த விலை

திருத்தணி பிரச்சினை தீரவில்லை. 1953 ஜுலையில் எல்லைப் போராட்டம் மூண்டது. ம. பொ. சி. கைதாகிச் சிறை சென்றார். தொண்டர்கள் பலரும் சிறை புகுந்தார்கள். திருவாலங்காடு கோவிந்தசாமியும் பழனி மாணிக்கமும் அந்தப் போராட்டத்தில் உயிர் கொடுத்தார்கள். மங்கலங்கிழாரும் அதே ஆண்டில் மறைந்தார். திருத்தணி திரும்பி வந்ததை அவர் காணவில்லை.

தலையைக் கொடுப்போம் என்று மேடையில் யாரும் பேசலாம். கேட்கும் மக்கள் பேசுபவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் தாமே முன்னே போவாரா, நம்மைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவாரா என்று எடை போடுவார்கள். ம. பொ. சி. நோயுற்ற உடம்போடு சிறைக்குப் போனவர். அதனால்தான் அவர் சொல் எடுபட்டது.

ஆனால் முழக்கம் மட்டும் எல்லையை வகுக்குமா? வகுக்காது. மத்திய அரசு நடுவராக நியமித்த படாஸ்கர் முன்பு மோனையும் உவமையும் செல்லவில்லை. கிராமத்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே பெரும்பாலோர் பேசும் மொழி எது, பக்கத்துக் கிராமத்தோடு அது தொடர்ந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். கணக்கும் வரைபடமும் பேசின.

1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தமிழ்நாட்டுடன் இணைந்தது. சென்னை மாநிலத்தில் இருந்த சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. வேங்கட மலையும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன.

தமிழகத்தின் வடக்கு எல்லை வேங்கட மலை, தெற்கு எல்லை குமரி என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுகிறது. பழைய நூலைச் சாட்சிக்கு அழைப்பதும் பேச்சாளரின் ஒரு வழிதான். அந்தச் சாட்சி தமிழர் நெஞ்சில் பெருமையை எழுப்பியது. ஆனால் நடுவர் கேட்டது அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள் என்பதை அல்ல. இன்று அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதையே கேட்டார். திருத்தணி கிடைத்ததற்கும் திருப்பதி கிடைக்காததற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கி இருக்கிறது.

முழக்கம் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. மக்கள் விழித்து எழாமல் இருந்திருந்தால், நடுவர் வந்து கணக்குப் பார்த்திருக்கவே மாட்டார். சொல் மக்களை எழுப்பியது. சான்று எல்லையை மீட்டது.

மாணிக்கப் பரல்

ம. பொ. சி.யின் பணி அதோடு முடியவில்லை. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்று தொடர்ந்து வற்புறுத்தி வந்தார். 1967-ல் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14-ல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

வள்ளலாரைப் பற்றி அவர் எழுதிய ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ என்ற நூலுக்கு 1966-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சட்ட மேல்சபையின் தலைவராக, 1986-ல் அந்தச் சபை கலைக்கப்படும் வரை இருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், சட்டம் படித்தவர்கள் நிறைந்த சபைக்கே தலைமை தாங்கினார்!

1995-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, தமது 89-வது வயதில் ம. பொ. சி. காலமானார்.

அவர் வாழ்நாள் எல்லாம் பேசிய கண்ணகி கதையை எண்ணிப் பாருங்கள். பாண்டியன் சபையில் கண்ணகி கண்ணீரோடு நின்றாள். கோபத்தோடு பேசினாள். நீதி கேட்டாள். அரசன் கேட்டுக்கொண்டு இருந்தான். ஆனால் எப்போது நடுங்கினான்? சிலம்பு உடைந்து, உள்ளே இருந்த மாணிக்கப் பரல் தெறித்தபோது! அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து.

மோனை, உவமை, அடைமொழி, கதை ஆகிய எல்லாம் சிலம்பின் ஓசை போன்றவை. நான்கு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். உள்ளே மாணிக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேடையில் ஒருவர் அழகாகப் பேசினால் ரசிக்கலாம், கை தட்டலாம். அதோடு, அவர் சொல்லுக்குள் சான்று இருக்கிறதா, சொன்னதற்காகத் தாமே கஷ்டப்படத் தயாரா என்றும் பார்க்க வேண்டும்.

சிலம்புச் செல்வரின் சொல்லில் இரண்டும் இருந்தன. அதனால்தான் மணவூர் ரயில் நிலையத்தைத் தாண்டித் திருத்தணிக்குப் போகும் பக்தர்கள், தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே முருகனைத் தரிசித்துத் திரும்புகிறார்கள்.