ஆபிரகாம் லிங்கனின் தாடி

அடிமை விலங்கொடித்த அமெரிக்க ஜனாதிபதியாக லிங்கனை நம் பிள்ளைகள் அறிவர். 1809இல் கென்டக்கியில் மரக்குடிசையில் பிறந்த அவர், பள்ளி சென்ற நாள்களைக் கூட்டினால் ஓராண்டுகூடத் தேறாது. ஆயினும், மணல்திட்டில் சிக்கிய படகுகளை மிதக்கச் செய்யும் கருவிக்கு 1849இல் காப்புரிமை பெற்றார்; அப்பேறு பெற்ற ஜனாதிபதி அவர் ஒருவரே. ஆறடி நான்கங்குல உயரத்தின்மேல் நெடுந்தொப்பி வேறு. கடிதங்களை அதற்குள்தான் வைத்திருப்பார்!

எனினும், நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. 1860 தேர்தலின்போது, தாடி வளர்த்தால் மெலிந்த முகம் பொலிவுறும் என 11 வயதுச் சிறுமி கிரேஸ் பெடல் எழுதினாள். வேலை நெருக்கடியிலும் லிங்கன் கைப்பட மறுமொழி எழுதினார். உறுதி எதுவும் அளிக்கவில்லை. ஆனால் தாடி வளர்ந்தது. 1861 பிப்ரவரியில், பதவியேற்கச் செல்லும் வழியில் ரயில் அவளது ஊரான வெஸ்ட்ஃபீல்டில் நின்றது. கூட்டத்தில் அவளைத் தேடி அழைத்துத் தாடியைக் காட்டினார்.