சட்டத்தையே செல்லாது என்ற நீதிபதி

ஒரு சட்டம் நம் உரிமையைப் பறிப்பதாகத் தோன்றினால் நாம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டுகிறோம். மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிபதிகளுக்கு எப்படி வந்தது? விடை தேடினால் ஜான் மார்ஷல் என்ற அமெரிக்கரிடம் போய் நிற்போம்.

1755ல் வர்ஜீனியாவில் 15 பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பம். தந்தையிடமே அதிகம் கற்றார். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் பங்கேற்றார். சட்டம் பயின்றதும் சிறிது காலமே.

1801ல் தேர்தலில் தோற்று வெளியேறவிருந்த அதிபர் ஜான் ஆடம்ஸ், தம் வெளியுறவு அமைச்சரான மார்ஷலைத் தலைமை நீதிபதியாக்கினார். கடைசி நேரத்தில் வேறு பலரையும் நீதிபதிகளாக நியமித்தார். கையெழுத்தும் முத்திரையும் இடப்பட்ட சில ஆணைகள் அவசரத்தில் மார்ஷலின் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. அதில் ஒன்று வில்லியம் மார்பரிக்கு உரியது. புதிய அதிபர் ஜெஃபர்சனின் அரசு அதைத் தர மறுக்கவே, மார்பரி நேராக உச்ச நீதிமன்றம் சென்றார்.

மார்ஷலுக்கோ இக்கட்டு. ஆணையைக் கொடுக்கச் சொன்னால் அரசு பணியாது. மனுவைத் தள்ளினால் அரசுக்கு அஞ்சியதாகும். 1803 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பளித்தார். மார்பரிக்கு உரிமை உண்டு, அரசு செய்தது தவறு. ஆனால் இத்தகைய வழக்கை நேரடியாக விசாரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்த 1789ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது. எனவே அது செல்லாது என்றார். சட்டம் கொடுத்த சிறிய அதிகாரத்தை மறுத்து, சட்டத்தையே எடைபோடும் பெரிய அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு நிலைநாட்டினார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. தம் அலுவலகத்தின் தவறிலிருந்து பிறந்த வழக்கை அவரே விசாரித்தார். உரிமை பேசிய அவர் ஏராளமான கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். 1835ல் அவர் இறந்தபின், 1857ல் அதே நீதிமன்றம் அதே அதிகாரத்தைக் கொண்டு அடிமைமுறைக்குத் தடையிட்ட சட்டத்தை ரத்து செய்தது. கறுப்பின மக்கள் குடிமக்களே அல்லர் என்றும் கூறியது.

நம் நாட்டுச் சாசனம் இந்த அதிகாரத்தை 13ஆவது பிரிவிலேயே எழுதி வைத்துள்ளது. அது ஓர் அமானிதம். நமக்கே பாதகமானாலும் நீதியில் நிலைத்திருக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்த அச்சம் உள்ளத்தில் இல்லாதபோது எந்த அதிகாரமும் நீதியாகிவிடாது. நம் பிள்ளைகளைச் சட்டம் படிக்க வைப்போம். கூடவே இறையச்சத்தையும் ஊட்டுவோம். வல்ல அல்லாஹ் அருள்வானாக, ஆமீன்.