நிலத்தைக் கேட்டு வீடமைத்த லாரி பேக்கர்

பாலாற்றைக் கடந்து மைசூர் நாட்டில் குடியேறிய நம்மவர்க்கு வாழ்நாட் கனவு சொந்த வீடு ஒன்றே. அக்கனவு கடனாகித் தலைமேல் ஏறியிருத்தலையும் காலனிதோறும் காண்கிறோம். ஆதலின், ஏழைக்கும் எட்டக்கூடிய வீட்டையே வாழ்நாட் பணியாகக் கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917 மார்ச்சு 2ஆம் நாள் தோன்றிய அவர், அங்கேயே கட்டடக்கலை பயின்றார். குவேக்கர் நெறியினராதலின் இரண்டாம் உலகப் போரில் படைக்கலம் ஏந்த மறுத்து, சீனாவில் நோயாளர்க்குத் தொண்டாற்றினார். தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். கழிவுத் துணியால் பேக்கர் தாமே செய்து அணிந்திருந்த காலணி அடிகளின் கருத்தைக் கவர்ந்ததாம். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பனவாதல் வேண்டும் என்னும் அடிகளின் எண்ணம் அவ்விளைஞர் உள்ளத்தில் வேரூன்றியது.

1945இல் தொழுநோயாளர்க்கான கட்டடப் பணியை ஏற்று மீண்டும் இந்தியா வந்தார். 1948இல் கேரளத்து மருத்துவரான எலிசபெத் ஜேக்கப் அம்மையாரை மணந்து, இமயத்தைச் சார்ந்த பித்தோராகரில் குடிபுகுந்தார். அவரது மெய்யான கல்வி அங்கேதான் தொடங்கியது எனலாம். பர்மிங்காமில் கற்ற பாடத்தில் மண்ணும் சாணமும் இடம்பெறவில்லை. மலைவாழ் மக்களோ, அருகே கிடைத்த கல்லையும் மரத்தையும் கொண்டு குளிரையும் மழையையும் தாங்கும் இல்லங்களை எழுப்பி வாழ்ந்தனர். பட்டம் பெற்ற பேக்கர் அக்கொத்தர்களுக்கு மாணாக்கரானார். நம்முள் எத்துணைப் பேர் இங்ஙனம் பணிவோம்?

1963இல் தம்பதியர் கேரளத்து வாகமண் மலைக்கு வந்தனர். பின்னர்த் திருவனந்தபுரத்தில் நிலைத்தனர். அந்நகரில் 1970களில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மையம் அவர்தம் கொள்கைக்குச் சான்று. குன்றை வெட்டிச் சமன் செய்யாமல் சரிவின் போக்கிலேயே கட்டடங்களை அமைத்தார். மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவரே வளைந்து வழிவிட்டது. கண்ணாடிச் சன்னலுக்கு மாறாகச் செங்கற்களுக்கிடையே துளைகள் விட்ட சுவர்கள், காற்றை உள்ளே அழைத்து வெயிலின் கடுமையைத் தணித்தன. செங்கல்லைப் படுக்க வையாது விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டினால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சியது. அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுத்தது. கூரைக் கான்கிரீட்டின் அடியில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமிட்டியையும் இரும்பையும் குறைத்தார்.

பூசாத சுவரை வறுமையின் அடையாளமென்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே இன்றும் உளர். பேக்கரோ நாலாஞ்சிறைப் பாறைச் சரிவில் தமக்கென எழுப்பிய இல்லத்தையும் அவ்வாறே கட்டினார். பிறர் கழித்த பழங்கதவுகளும் உடைந்த ஓடுகளும் அங்கே அழகு பெற்றன.

இந்தியக் குடியுரிமை பெற்ற அப்பெருமகனார்க்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2007 ஏப்ரல் 1ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் இயற்கை எய்தினார். 1985இல் அவர் துணைநின்று தொடங்கிய காஸ்ட்போர்டு அமைப்பு, அம்முறையிலேயே இன்றும் எளியோர்க்கு வீடுகள் எழுப்பி வருகிறது.