நீட்டிய கரம்: டேமியன் அடிகளார்

விவிலியத்தில் நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த கதைகள் பல. கேட்டுப் பழகிவிட்டதாலேயே அவற்றின் ஆழத்தை நாம் கவனிப்பதில்லை. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் தொழுநோயாளியின் கதை அவற்றுள் ஒன்று. யூதர்களின் சட்டப்படி தொழுநோயாளி ஊருக்குள் வாழக் கூடாது. கிழிந்த உடை உடுத்தி, தான் தீட்டுப்பட்டவன் என்று தானே கூவிக்கொண்டு, ஊருக்கு வெளியே தனித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவன் இயேசுவின் முன் முழந்தாளிட்டு மன்றாடினான்.

நூற்றுவர் தலைவனின் ஊழியனைத் தூரத்திலிருந்தே ஒரு சொல்லால் குணமாக்கிய ஆண்டவர், இவனையும் அவ்வாறே குணமாக்கியிருக்கலாம். ஆனால் கையை நீட்டி அவனைத் தொட்டார். தொட்ட பிறகே நோய் நீங்கியது. குணமடைந்தவன் இச்செய்தியை எங்கும் பரப்பினான். இயேசுவோ ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்கினார். அவன் உள்ளே சென்றான். அவன் இருந்த இடத்தில் இவர் நின்றார்! இதனை வாழ்ந்து காட்டியவரே டேமியன் அடிகளார்.

பிறப்பும் அழைப்பும்

டேமியன் 1840-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டில் திரமெலோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப். அவருடைய அண்ணன் இயேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையில் துறவியாக இருந்தார். தம்பியும் அதே சபையில் சேர்ந்து டேமியன் என்னும் பெயரைப் பெற்றார்.

1863-இல் அண்ணன் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்கு மறைபரப்பச் செல்ல இருந்த வேளையில் காய்ச்சலில் விழுந்தார். டேமியன் அப்போது குருப்பட்டம் பெறாத மாணவர். ஆயினும் அண்ணனுக்குப் பதிலாகத் தம்மை அனுப்புமாறு சபைத் தலைவருக்கே எழுதி அனுமதி பெற்றார். 1864 மார்ச் 19, தம் பாதுகாவலராகிய புனித சூசையப்பரின் திருநாளன்று, ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தார். அதே ஆண்டு மே 21-இல் குருவானார்.

ஊருக்கு வெளியே

அக்காலத்தில் ஹவாயில் தொழுநோய் வேகமாகப் பரவியது. மருந்து இல்லை. 1865-இல் அரசு ஒரு சட்டம் இயற்றி, 1866 முதல் நோயாளிகளை மொலோக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பியது. மூன்று பக்கம் கடல். நான்காம் பக்கம் சுமார் 2000 அடி உயரச் செங்குத்து மலை. தாயிடமிருந்து பிள்ளையையும், மனைவியிடமிருந்து கணவனையும் பிரித்துக் கப்பலேற்றினர். போனவர் திரும்பியதில்லை.

அங்கே முறை மாற்றிச் சென்று பணி செய்ய நான்கு குருக்கள் முன்வந்தனர். முதலில் சென்றவர் டேமியன். 1873 மே 10-இல் அங்குச் சென்றபோது அவருக்கு வயது 33. தங்க வீடில்லை. கோவிலருகில் ஒரு தாழை மரத்தடியில் படுத்துறங்கினார். சில நாட்களிலேயே, அங்கேயே நிலையாக இருக்க அனுமதி கேட்டு எழுதினார்.

அவர் நோயாளிகளின் புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களோடு ஒரே பாத்திரத்தில் உண்டார். குழாய் பதித்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். வீடுகள் கட்டினார்; அநாதைச் சிறுவர் சிறுமியருக்கு இல்லம் அமைத்தார்; பாடகர் குழு ஏற்படுத்தினார். நூற்றுக்கணக்கான சவப்பெட்டிகளைத் தம் கையாலேயே செய்தார். கேட்பாரற்று மடிந்தவர்கள் அதன்பின் செபத்தோடும் பாடலோடும் அடக்கம் செய்யப்பட்டனர். மறையுரையில் தம்மையும் தொழுநோயாளிகளுள் ஒருவராகச் சேர்த்தே பேசுவார்.

அவருக்கும் வெளியே செல்லத் தடை வந்தது. ஒருமுறை சபையின் மேலாளர் கப்பலில் வந்தபோது, அடிகளாரை மேலே ஏற விடவில்லை. கீழே படகில் நின்றபடியே, பலர் கேட்க, உரத்த குரலில் பாவசங்கீர்த்தனம் செய்தார்!

1884 டிசம்பரில் ஒரு நாள் கொதிக்கும் வெந்நீரில் அவர் கால் பட்டது. தோல் வெந்தும் வலி தெரியவில்லை. நோய் தம்மைப் பற்றிவிட்டது என்று அறிந்தார். ஆயினும் பணியை நிறுத்தவில்லை. 1889 ஏப்ரல் 15, புனித வாரத்துத் திங்கட்கிழமை, தம் 49-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அதே தாழை மரத்தடியில் அவரை அடக்கம் செய்தனர்.

1936-இல் அவருடைய உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. 1995-இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டபோது, அவருடைய வலது கை மட்டும் மொலோக்காய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டு, பழைய கல்லறையிலேயே வைக்கப்பட்டது. தொட்ட கை, தொட்ட இடத்திற்கே சென்றது! 2009 அக்டோபர் 11-இல் திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நாம் யாரைத் தொடுகிறோம்?

டேமியன் அடிகளாரால் ஒருவரையும் குணமாக்க முடியவில்லை. அவரால் முடிந்தது தொடுவது மட்டுமே. இன்றோ தொழுநோயை முழுவதும் குணப்படுத்த மருந்து உண்டு. ஆயினும் கோவில் வாசலில் அமர்ந்திருக்கும் நோயாளியின் தட்டில், கை படாதபடி உயரத்திலிருந்து காசைப் போட்டுவிட்டு விரைகிறோம். திருப்பலியில் சமாதானம் பகிரும்போது நம் குடும்பத்தாரையும் தோழியரையும் பார்த்தே வணங்குகிறோம். சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்களும் நம் திருச்சபையில் உண்டு. எங்கோ ஒரு தீவில் மட்டுமா ஊருக்கு வெளியே மக்கள் இருக்கின்றனர்?

தோழியரே! நாம் எல்லோரும் மொலோக்காய்க்குச் செல்ல வேண்டியதில்லை. வகுப்பில் யாரும் அருகில் உட்கார விரும்பாத மாணவியின் பக்கத்தில் சென்று உட்காரலாம். அவளோடு உணவைப் பகிர்ந்துண்ணலாம். அதனால் மற்றவர்கள் நம்மையும் ஒதுக்கக்கூடும். ஒதுக்கட்டுமே! ஊருக்கு வெளியே நிற்கும்போது நாம் தனியாக நிற்க மாட்டோம். நமக்கு முன்பே ஆண்டவர் அங்கே நிற்கிறார். அவர் நீட்டிய கரத்தைப்போல் நம் கரங்களும் நீளட்டும்!

மாணவி, பத்தாம் வகுப்பு